கை கொஞ்சம் சின்னது

1

அப்பாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்காக இரண்டு வார விடுப்பில் காரைக்காலுக்கு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கே தருமபுரத்து வீட்டு மொட்டைமாடியில் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஜெபம் செய்கிறேன் என்று எதிர்வீட்டில் நினைத்திருப்பார்கள். அமெரிக்காவில் எந்தப் பையனை எந்த அணி எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீட்டா அக்கா காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி இது, கோட்டு போட்ட பயலுவ எல்லாம் தொப்பிய மாட்டிக்கிட்டு அழுவுறானுவ? எதும் சாவா?"

"சாவு இல்லக்கா. வேல கெடச்சிருக்கு."

"வேல கெடச்சதுக்கா இந்த அழுவ? நீ அமெரிக்காவுக்குப் போறப்பகூட நாங்க இப்புடி அழுவலியே."

இதை ஊரில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அமெரிக்காக்காரர்கள் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டில் காலுக்கு அதிக வேலை கிடையாது. மாங்கொட்டை மாதிரி இரண்டு பக்கமும் கூரான ஒரு பந்து. அதை ஒருவன் கையால் வீசுவான். மைதானத்தின் ஓரத்திலிருந்து இன்னொருவன் தலைதெறிக்க ஓடுவான். எதிரணியார் இருவர் அவனைத் துரத்துவார்கள். பந்து அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அவன் ஓடிக்கொண்டே கழுத்தை மட்டும் திருப்பி, விரல்களை விரித்து, வானத்திலிருந்து அதைப் பறித்துக்கொள்வான். அவனுக்கு வைட் ரிசீவர் என்று பெயர். இத்தனை வருடம் பார்த்தும் எனக்குப் பிரமிப்பு தீராதவை இரண்டு. ஒன்று பூசையில் தரும் நற்கருணை, இன்னொன்று இது. எங்கள் பங்குச் சாமியார் மன்னிக்கவேண்டும்.

2

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று அக்கா கேட்டாள். ஊசியால் பிடித்தது.

நான் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் வேண்டாத ஞாயிற்றுக்கிழமை முறை என் தலையில்தான் விழும். அறைக்கு அறை டிவியில் இந்த ஆட்டம் ஓடும். முதல் வாரமே ஒரு கிழவரின் அறைக்குப் போய் 'உங்கள் ரத்தத்துக்காக வந்திருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லி அவரைக் கதிகலங்க வைத்தேன். அவர் தேறி, கையை நீட்டினார். நான் ஊசியை இறக்கும் நேரம் பார்த்து டிவியில் எவனோ பந்தைப் பிடித்துவிட்டான். கிழவர் கையை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். என் வெள்ளைக் கோட்டு முழுக்க ரத்தம்.

அன்று கற்றுக்கொண்டேன். பந்து காற்றில் இருக்கும்போது ஊசி குத்தக்கூடாது. அது எப்போது காற்றில் ஏறும், எப்போது இறங்கும் என்று தெரிய ஆட்டத்தைப் பார்த்தாக வேண்டும். வேலைக்காகப் பார்க்க ஆரம்பித்தவள், ஒரு கட்டத்தில் நோயாளி கையை நீட்டிக் காத்திருக்க, டிவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கர்ட்டிஸை அறிமுகப்படுத்த வேண்டும். நோயாளிகளைச் சக்கர நாற்காலியிலும் தள்ளுவண்டியிலும் ஓரிடத்திலிருந்து ஓரிடம் கொண்டுபோகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் ஒரு அம்மாள் என் படிவத்தில் பிறந்த ஊர் என்ற கட்டத்திலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டாள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றேன். வரைபடத்தைத் திறந்து, சுற்றிலும் தமிழ்நாடு என்றல்லவா போட்டிருக்கிறது என்றாள். ஆமாம், புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றாலும் பூவம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் போகவேண்டும் என்றேன். அப்படியானால் நீங்கள் எந்த மாநிலம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே வரும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதாததற்குப் பாதாளத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வழியும் தெரியவில்லை. காலி நாற்காலியோடு வந்த கர்ட்டிஸ் என்னைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க" என்றார். நோயாளியைப்போல உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்க் கூடத்து வாசலில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் எனக்கு என்ன வியாதியோ என்று பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆங்கிலத்தில் இந்த 'ங்க' கிடையாது. ஆனால் என் காதில் கர்ட்டிஸ் எப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார், நானும் அப்படித்தான் பேசுகிறேன். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

3

கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் சடங்குக்கு டிராஃப்ட் என்று பெயர். மூன்று நாள், ஏழு சுற்று. போன வருடம் ரொம்ப மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. தோற்றவனுக்கு முதலில் கொடுக்கும் இந்த ஒரு நியாயம் எனக்குப் பிடிக்கும்.

தருமபுரத்தில் நாங்கள் ஆள் பிரித்த விதம் வேறு. இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் சோடி சோடியாகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். "ரோசா வேணுமா, மல்லி வேணுமா?" என்போம். தலைவர் ரோசா என்றால் ரோசா அந்தப் பக்கம், மல்லி இந்தப் பக்கம். கெட்டிக்காரன் யார், மொண்ணை யார் என்று யாரும் வாய்திறந்து சொல்லவே வேண்டியதில்லை. இதைக் கர்ட்டிஸிடம் ஒருநாள் சொன்னேன்.

"அப்ப யாரு நல்லா ஆடறான்னு எப்படித்தான் தெரியும்?" என்றார்.

"தெரிய வேண்டாம்னுதான்."

"எங்க நாட்டுல அத ஊருக்கே சொல்றதுக்குன்னு மூணு நாள் ஒதுக்கியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எங்கள் ஓய்வறைக் குளிர்பெட்டியின் கதவில் ஒவ்வொரு வருடமும் ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்த ரிசீவரை முதலில் எடுப்பார்கள் என்று ஆளுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வருடம் நான் எழுதிய பையனே முதலில் போனான். அதிலிருந்து எனக்கு வாத்தியாரம்மா பட்டம். டாக்டர்கள்கூட வழிமறித்துக் கேட்பார்கள். நானும் சும்மா இருக்கும் ஆள் இல்லை. எனக்கென்று சில கொள்கைகள் இருந்தன, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் அவற்றை ஓதினேன்.

சின்ன வயதுப் பையனை எடு என்பதுதான் தலையாய கொள்கை. பத்தொன்பது வயதில், தன்னைவிட மூன்று நான்கு வயது மூத்த முரடர்கள் நடுவில் ஒருவன் பந்து பிடிக்கிறான் என்றால் அவன் இன்னும் வளரப்போகிறவன். இருபத்துமூன்று வயதில் அதையே செய்கிறவன் வளர்ந்து முடிந்தவன். அவனை எடுக்காதே. இதை மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், கடிகாரத்தை நம்பாதே. டிராஃப்டுக்கு முன்னால் பையன்களை நேர்கோட்டில் ஓடவிட்டு நொடியை எண்ணுவார்கள். ஆட்டத்தில் எவன் நேர்கோட்டில் ஓடவிடுகிறான்? முழு வேகத்தில் வந்து இரண்டே எட்டில் நின்று திரும்புகிறானா என்று பார்க்க வேண்டும். அப்பா அம்பகரத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது ஒரு டிரைவர் இருந்தார். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூட அசைய மாட்டார்கள். அந்த மாதிரி நிற்க வேண்டும். பந்து கையில் சேரும் சத்தத்தையும் கேட்க வேண்டும். நெஞ்சில் அணைத்து வாங்குகிறவனிடம் தொப்பென்று விழும். விரலில் வாங்குகிறவனிடம் சத்தமே வராது.

இன்னொன்று உண்டு, இதை யாரும் செய்வதில்லை. பந்து அவன் பக்கம் வராத சமயத்தில் அவனைப் பார்க்க வேண்டும். எல்லாருடைய கண்ணும் பந்தின் பின்னால் போயிருக்கும். அப்போது அவன் என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா, இல்லை பந்து தனக்குத்தான் வருகிறது என்பதைப்போல ஓடுகிறானா? நான் ஒரு ஆட்டத்தை இரண்டு தரம் பார்ப்பேன், இரண்டாவது தரம் இதற்காகவே. என் கணவர் இந்த நேரத்தில் ஒரு பட்டமே வாங்கியிருக்கலாம் என்பார்.

4

கர்ட்டிஸின் மகன் ஏசாயாவும் ஒரு ரிசீவர். பெயரை அங்கே வேறு மாதிரி உச்சரிப்பார்கள், எனக்கு அவன் பைபிளில் இருக்கும் ஏசாயாதான்.

கர்ட்டிஸின் மனைவிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கர்ட்டிஸ் வேலையை விட முடியாது, விட்டால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதனால் பையன் ஒரு வருடம் கல்லூரியையும் ஆட்டத்தையும் நிறுத்திவிட்டு அம்மாவைக் காரில் கூட்டிவந்து கூட்டிப்போனான். ரத்தம் எடுக்க நான்தான் போவேன். அம்மா இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் நான்கு மணி நேரமும் அவன் எதிரே உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருப்பான். நர்ஸ் வந்து திட்டுவாள். பந்து சுவரில் அடிக்கிற சத்தத்துக்குத்தான் திட்டு. பிடிக்கிற சத்தமே கிடையாது. நான் ரத்தக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றிருக்கிறேன்.

அந்த ஒரு வருடம் போனதால் அவன் பிந்திவிட்டான். இந்த டிராஃப்டுக்கு வரும்போது வயது இருபத்துமூன்று. என் தலையாய கொள்கைப்படி அவனை எடுக்கக்கூடாது. ஆனால் அவன் ஆட்டம் அத்தனையையும் கணினியில் தேடித் தேடிப் பார்த்தேன். என் கொள்கையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று தோன்றியது. இவ்வளவு வருடத்தில் இப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, ஓய்வறையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கர்ட்டிஸ் தன் போனில் மகன் ஆடும் வீடியோவை மேசை சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் என் முன்னால் வைத்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீங்க சொல்லுங்க ஸ்டெல்லா. என் பையன எடுப்பாங்களா?"

சொல்ல வேண்டியது ஆயிரம் இருந்தது. சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். பையனோ பெரிய காரியத்துக்குக் கிளம்பி நிற்கிறான். தூங்குகிற குழந்தையை அழகு என்று சொல்லாத ஊரில் பிறந்தவள் நான். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டால் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துக் கெடுத்த பிறகுதான் வெளியே தூக்கிவருவோம். பள்ளியில் முதல் மார்க் வாங்கி வந்த அன்று அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது, "கையெழுத்து சரியில்ல." அவர் மனசு குளிர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்று ராத்திரி புரோட்டா வாங்கி வந்தார்.

அந்தப் பழக்கம் என் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கை கொஞ்சம் சின்னது" என்றேன். "பாப்போம்."

பையன் கன்னத்தில் பொட்டு வைத்தாயிற்று, இனி எவன் கண்ணும் படாது என்ற திருப்தியில் என் தயிர்சாதத்தைத் தின்று முடித்தேன். நடந்ததிலேயே எனக்கு ரொம்ப வெட்கமாக இருப்பது அந்தத் திருப்திதான்.

கர்ட்டிஸ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். எப்போதும் லிஃப்டில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், மறுநாள் முதல் நிற்கவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வரும், அவ்வளவுதான். மகனைப் பற்றிய கவலையில் இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டு விமானம் ஏறிவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு அப்பாவின் பூசை. முதல் சுற்று பாதியில் இருக்கும்போது போனைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனோம். சாமியார் அன்றைக்கு வேண்டிக்கொள்ள வேண்டிய ஆத்துமாக்களின் பெயர்களை வாசித்தார். அப்பா நான்காவது. எத்தனையோ பேர் இருக்கும் உலகத்தில் நம் வீட்டு ஆளின் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லும்போது உடம்பு சிலிர்த்துப்போகிறது. மடியில் இருந்த பைக்குள் போன் உறுமிக்கொண்டே இருந்தது. அங்கேயும் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகள், நேற்றுவரை துணியை அம்மாவிடம் துவைக்கப் போட்டவர்கள், பெயர் வந்ததும் எழுந்து நிற்க முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் கோயிலில் அக்காவின் தோளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஏசாயாவின் பெயர் வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். சனிக்கிழமை காலை இரண்டாம் மூன்றாம் சுற்று முடிந்தது. அதிலும் வரவில்லை. பத்து மணிவாக்கில் என் மகள் நிவேதா கூப்பிட்டாள்.

நிவேதாவுக்கு இருபது வயது. அமெரிக்காவின் இன்னொரு கோடியில் படிக்கிறாள். சின்னவளாக இருக்கும்போது சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாள், பேச்சு ஐந்து நிமிடம் தாண்டாது. அவளோடு பேச எனக்கு மிச்சமிருக்கும் விஷயம் இந்த ரிசீவர்கள்தான். அதனால் ஏசாயா இன்னும் எடுக்கப்படாததைச் சொன்னேன், கர்ட்டிஸ் முகம் கொடுத்துப் பேசாததையும் சொன்னேன்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள்.

சொன்னேன்.

"அம்மா. எல்லாரும் உங்கள எக்ஸ்பர்ட்னு நெனைக்கறாங்க. அவரு பையனப் பத்திக் கேட்டா, கை சின்னதுன்னு சொல்லிருக்கீங்க."

"நல்லாருக்கான்னு அத்தன பேருக்கு முன்னாடி சொல்லுவாங்களா? கண்ணு பட்டுடாதா?"

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. ஸ்காலர்ஷிப் லெட்டர் கொண்டுவந்து காட்டுனேன். தலைய வாருன்னு சொன்னீங்க."

"உன்னப் பத்தி ஆஸ்பத்திரி பூராவும் சொல்லுவேன்டி. எல்லாருக்கும் தெரியும்."

"அவங்ககிட்ட சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அன்று பகல் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. கடைத்தெருவுக்குப் போனேன், வாங்கப் போனதை வாங்காமல் வந்தேன். கர்ட்டிஸைக் கூப்பிட நான்கு தரம் போனை எடுத்தேன். ஆனால் கடைசி நாள் பாக்கி இருக்கிறது, இன்னும் நான்கு சுற்று இருக்கிறது. இப்போது போய்ப் புகழ்ந்து, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? தப்பு என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அக்காவிடம் ஏசாயாவின் ஆட்டத்தைக் காட்டினேன். ஒருவன் இடுப்பைப் பிடித்துத் தொங்க, இன்னொருவன் முகத்தை மறைக்க, அவன் ஒற்றைக் கையால் பந்தைப் பறித்துக்கொண்டு தரையில் உருளும் காட்சி. அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தாள்.

"யாருடி பெத்த புள்ள இது! எம்மா, என்னா தாவு தாவுறான்! இத இத்தன பேரு பாத்தா வெளங்குமா?" என்றவள் உள்ளே போய்க் கல்லுப்பும் ஏழு காய்ந்த மிளகாயும் கொண்டுவந்தாள். போனில் அவன் முகம் தெரியும்படி நிறுத்தச் சொல்லி, மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். கேட்டால், மாதா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பாள். மிளகாய் கருகியது. துளி நெடி வரவில்லை.

"பாத்தியா, கமறவே இல்ல. அவ்ளோ கண்ணு அந்தப் புள்ள மேல. இனிமே பாரு, விடியறதுக்குள்ள சேதி வரும்" என்றாள் அக்கா.

6

கடைசி நாள் சுற்றுகள் நம் ஊரில் இரவு நேரம். பார்க்கத் தைரியமில்லாமல் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து பட்டியலைப் பார்த்தேன். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். ஏழு சுற்றிலும் ஏசாயா இல்லை. அவனைவிட மெதுவாக நிற்கும் பையன்கள் இருந்தார்கள், நெஞ்சில் அணைத்துப் பந்து வாங்குகிற பையன்கள் இருந்தார்கள். எல்லாரும் சின்னப் பையன்கள். என் கொள்கை உள்ளவர்கள்தான் அங்கேயும் உட்கார்ந்து ஆள் எடுத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மொட்டைமாடிக்குப் போய்க் கர்ட்டிஸைக் கூப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை மாலை. எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். பின்னால் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்திருந்தார்கள், வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்கல்ல" என்றார்.

"பாத்தேன்."

"ஒரு டீம் போன் பண்ணுனாங்க. பயிற்சிக்கு வந்து பாருன்னு. சம்பளம் பேசல, உறுதி எதுவும் இல்ல. வேணாம்னா மறுநாளே அனுப்பிருவாங்க. நாளைக்குக் காலையில பஸ் ஏறணும். போகலன்னு சொல்றான்."

"ஏன்?"

"எல்லாரும் சேந்து ஒரு விஷயத்தச் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்கறான். ஆஸ்பத்திரியில வாத்தியாரம்மாவே சொன்னாங்கல்ல, அப்படிங்கறான். நான்தான் வீட்டுல சொன்னேன், சொல்லிருக்கக் கூடாது."

நான் சொன்ன ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குள் போய் மூன்று வாரத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறது.

"கர்ட்டிஸ், உங்க பையன் மாதிரி ஒரு ரிசீவர நான் பாத்ததே இல்ல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "வேணாம் ஸ்டெல்லா. பாவம் பாத்துச் சொல்லாதீங்க. அன்னைக்குச் சொன்னதே மரியாதையா இருந்துச்சு."

நான் விடவில்லை. மைப்பொட்டைச் சொன்னேன். அப்பாவின் கையெழுத்துப் பேச்சைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒன்றை ரொம்பப் பிடித்துவிட்டால் அதில் ஒரு குறை சொல்லித்தான் காப்பாற்றுவோம் என்றும், அவர் மகனுக்குக் கண் பட்டுவிடுமோ என்று பயந்துபோய் அப்படிச் சொன்னேன் என்றும், மகள் சொல்லும்வரை அது தப்பென்றே எனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன். ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. நடுவில் பாதி தமிழிலேயே சொல்லியிருப்பேன்.

அவர் நடக்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம்.

"எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவங்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"மிஸ் ஸ்டெல்லா" என்றது இன்னொரு குரல். களைத்துப்போன, மரியாதையான குரல்.

"ஏசாயா, ஒன் கை சின்னதுதான்" என்றேன். "ஆனா அதுலேருந்து ஒரு பந்துகூட கீழ விழுந்து நான் பாத்ததில்ல. டயாலிசிஸ் ரூம்லேருந்தே பாக்கறேன்."

அவன் மெல்லச் சிரித்தமாதிரி இருந்தது.

"இப்ப வேற ஒண்ணு சொல்றேன், கேளு. போன சீசன்ல மழையில ஒரு ஆட்டம். உங்க டீம் படுதோல்வி. நாலாவது கால் மணி ஆட்டம், பாதி ஜனம் எழுந்து போயாச்சு. பந்து உம் பக்கம் வரல, அந்தக் கோடிக்கு வீசறாங்க. நீ இந்தக் கோடியில ஓடற. பந்து வரப்போவுறதில்லன்னு ஒனக்குத் தெரியும். ஆனாலும் உசுரக் குடுத்து ஓடுன. கடைசிவரைக்கும். ஒன்னத் தொரத்திக்கிட்டு ரெண்டு பேர் வந்தானுவ. அதுனாலதான் அந்தப் பக்கம் ஒருத்தன் தனியா நின்னான், பந்தப் புடிச்சான். எல்லாரும் அவனத் தட்டிக்கொடுத்தாங்க. நீ சேத்துலேருந்து எழுந்து தனியா நடந்து வந்த. அத நான் அஞ்சு தடவ பாத்தேன். ஆள் எடுக்க உக்காந்தவங்க அதப் பாக்கல, அது அவங்க குருட்டுத்தனம். நான் பாத்தேன். நீ போகணும். பஸ் ஏறிப் போய் அந்த ஓட்டத்த அவங்களுக்குக் காட்டணும்."

ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினான்.

"அந்த ஆட்டத்தயா?" என்றான். "அத எங்க கோச்கூட ஒரு வார்த்த சொன்னதில்ல. யாரும் பாக்கலன்னு நெனச்சேன்."

"பாத்தேன்பா."

அவன் நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம் கேட்டது.

"மிஸ் ஸ்டெல்லா, ஸ்பீக்கர்ல போடறேன். இன்னொரு தடவ சொல்றீங்களா? அம்மா படுத்திருக்காங்க, அவங்க கேக்கணும்."

ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அவன் நடந்து போவது கேட்டது. கர்ட்டிஸ் யாரையோ பேசாமல் இருக்கச் சொன்னார். நான் மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இந்த முறை அவன் கையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.